தேங்காயைத் தூக்குவது எது?

சித்தப்பா தோட்டத்தில் போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்க ஒரு பெரியவர் வந்திருந்தார். குடுமியோடு உரித்த தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு வரப்போரமாக மெதுவாக நடந்தார். வேலியோரப் பனையைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பார், தேங்காய் லேசாக ஆடியது. அப்புறம் குடுமி வானத்தைப் பார்க்க நிமிர்ந்து நின்றது. ஓரடி தூரத்தில் நின்று பார்த்த எனக்கு அவர் விரல் அசைந்ததாகவே தெரியவில்லை.

“இது கை செய்யுற வேலையா இருக்குமோ?” என்று கேட்டேன். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கண்ணால பாத்தும் நம்ப மாட்டேங்கிற. படிச்சா மட்டும் போதாதுடா, மனசு திறந்திருக்கணும்.”

ஆவி, ஜோசியம், அடுத்தவர் மனதைப் படிப்பது என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறோம். நம்புகிறவர் ‘உனக்குத் திறந்த மனசு இல்லை’ என்கிறார். நம்பாதவர் ‘நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்’ என்கிறார். தேங்காயை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஒருவர் மனசை ஒருவர் ஆராயத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் அசையும் பொருளையே ஆராய்ந்தவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

மிஷேல் செவ்ரல் ஒரு பிரெஞ்சு வேதியியலாளர். நூலில் கட்டிய இரும்பு வளையத்தைப் பாதரசத்துக்கு மேலே பிடித்தால் அது தானாக ஆடும் என்று அக்காலத்தில் பலர் சொன்னார்கள். அவர் அதைக் கேலி செய்யாமல் தானே பிடித்துப் பார்த்தார். ஆடியது! இடையில் ஒரு கண்ணாடித் தட்டை வைத்தார், ஆட்டம் குறைந்தது. நம்பிக்கைக்காரர்கள் சொன்னதெல்லாம் அவர் கையிலேயே நடந்தது. அதோடு அவர் நிறுத்தவில்லை. கைக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தார். முட்டு விரலை நெருங்க நெருங்க ஆட்டம் சுருங்கியது. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியை எப்போது வைக்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்று தனக்கே தெரியாதபடி செய்தார். அப்போது கண்ணாடி எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. ஆட்டியது தன் கை, கையை ஆட்டியது தன் எதிர்பார்ப்பு என்று 1833-இல் இயற்பியலாளர் ஆம்பியருக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். எனக்குத் தெரிந்து திறந்த மனசுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு சாண் நூலில் சாவியைக் கட்டுங்கள். தாளில் கூட்டல் குறி ஒன்றை வரைந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, அதன் நடுவுக்கு நேர் மேலே சாவியைத் தொங்கவிடுங்கள். கையை ஆட்டவே கூடாது. சாவி இடமும் வலமுமாக ஆடுவதாக மனதில் நினைத்தபடி அதையே பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சிறிது நேரத்தில் சாவி அப்படியே ஆடத் தொடங்கும். ஓர் அசைவை நினைக்கும்போதே மூளை அதற்கான தசைகளைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறது. விரலில் உண்டாகும் துடிப்பு நமக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. ஆனால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தொட்டுத் தொட்டுவிட்டால் எப்படிப் பெரிதாக ஆடுமோ, அப்படி நூல் அந்தத் துடிப்புகளைச் சேர்த்துக்கொள்கிறது. நீரோட்டம் பார்க்கச் சிலர் பிடிக்கும் கவட்டைக் குச்சியும் உள்ளங்கைத் தேங்காயும் இதே வகைதான். விழலாமா நிற்கலாமா என்ற நிலையில் இருப்பவை. மணிக்கட்டு ஒரு நூலளவு சாய்ந்தால் போதும். இதற்கு ‘ஐடியோமோட்டார்’ விளைவு என்று 1852-இல் பெயர் வைத்தவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் கார்பென்டர்.

அடுத்த ஆண்டு லண்டனில் மேசை சுற்றுவது பெரிய மோகமாக இருந்தது. நாலைந்து பேர் மேசைமேல் கை வைத்து உட்கார்ந்தால் ‘ஆவி’ வந்து அதை நகர்த்தும். மைக்கேல் ஃபாரடே அங்கே போனார், மின்சாரத்தின் அடிப்படை விதிகளைக் கண்டுபிடித்த அதே ஃபாரடே. அவர் தேர்ந்தெடுத்தது நேர்மையானவர்கள் என்று தனக்குத் தெரிந்தவர்களை. அவர்கள் கைக்கும் மேசைக்கும் நடுவே, மெழுகு போன்ற மெத்தென்ற பசையால் ஒட்டிய அட்டைகளை அடுக்கினார். மேசைதான் முதலில் நகர்ந்தது என்றால் கீழ் அட்டை முந்தியிருக்க வேண்டும். பார்த்தால் மேல் அட்டைகள்தான் முந்தியிருந்தன, அதாவது கை முதலில், மேசை பிறகு. அப்புறம் கை கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினாலும் சாய்ந்து காட்டிக்கொடுக்கும் ஒரு முள்ளைப் பொருத்தினார். முள்ளை மறைத்து வைத்தால் மேசை நகரும். அவர்கள் கண்ணில் படும்படி வைத்தால் நகராது. யாரும் பொய் சொல்லவில்லை. தாங்கள் தள்ளுவது தெரிந்ததுமே தள்ளுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

‘சரி, கைதான் ஆட்டுகிறது. ஆனால் பூமியில் இருக்கும் எதையோ உணர்ந்துதானே கை ஆடுகிறது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதைச் சோதிக்க 1987, 88-இல் ஜெர்மனியின் மியூனிக் அருகே அரசுச் செலவில் ஏற்பாடு நடந்தது. ஒரு கொட்டகையின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை ஒரு வண்டியில் ஏற்றி, 10 மீட்டர் கோட்டில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிறுத்தினார்கள். நீரோட்டம் பார்ப்பவர் மேல்தளத்தில் நடந்து இடத்தைச் சொல்ல வேண்டும். சுமார் 500 பேரிலிருந்து 43 பேரைத் தேர்ந்தெடுத்து 843 முறை சோதித்தார்கள். பெரும்பாலோருக்கு முடியவில்லை, ஆறு பேருக்கு மட்டும் இந்தத் திறமை இருக்கிறது என்று ஆய்வை நடத்திய இயற்பியலாளர் ஹான்ஸ் டீட்டர் பெட்ஸ் குழு அறிவித்தது. அதே கணக்கை அமெரிக்க விஞ்ஞானி ஜிம் என்ரைட் மறுபடி போட்டுப் பார்த்தார். ஒரு தொடரில் நன்றாகச் செய்தவர் அடுத்த தொடரில் அப்படிச் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் கோட்டின் நடுப்புள்ளியையே காட்டுகிற ஒருவருக்கு எவ்வளவு பிழை வருமோ, அதைவிட மிகச் சிறந்தவரின் சராசரிப் பிழை 4 மில்லிமீட்டர்தான் குறைவு. பத்து மீட்டரில் ஓர் அரிசி நீளம்கூட இல்லை.

தரவு ஒன்று, முடிவு இரண்டு. எது வெற்றி என்று முதலிலேயே எழுதி வைக்காமல், முடிவு வந்த பிறகு 43 பேரில் நல்லதாகத் தெரிந்த ஆறு பேரைப் பிரித்தெடுத்ததுதான் சிக்கல். இன்னது நடந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறவருக்குத்தான் மனசு திறந்திருக்கிறது என்பது என் எண்ணம். நம்புகிறவருக்கும் எனக்கும் அது ஒன்றுதான்.

நீரோட்டம் பார்த்துப் போட்ட போரில் தண்ணீர் வந்ததைப் பலர் சாட்சியாகச் சொல்கிறார்கள். இருபதடி தள்ளிப் போட்டிருந்தால் வந்திருக்காதா என்று யாரும் துளை போட்டுப் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலம் கடினப்பாறை. அங்கே ஆழத்தில் பாறை வெடிப்புகளில்தான் தண்ணீர் இருக்கும். வெடிப்பைத் தவறவிட்டால் போர் செலவு அத்தனையும் மண்ணோடு போகும். ஒரு விவசாயி தேங்காயையாவது நம்பலாம் என்று நினைப்பதை என்னால் பழிக்க முடியவில்லை. ஆனால் இதே விளைவை வைத்துக் காசு பார்த்தவர்களும் உண்டு. கைப்பிடியில் சுழலும் கம்பி மட்டுமே உள்ள ‘ஏடிஇ 651’ என்ற கருவியை வெடிகுண்டு காட்டும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் பிரிட்டனில் பத்தாண்டு சிறை கிடைத்தது. சோதனைச் சாவடிகளில் உயிர்கள் அந்தக் கம்பியை நம்பியிருந்தன.

அன்று தோட்டத்தில் சித்தப்பாவும் நானும் குரல் உயர்த்தியபோது பெரியவர்தான் நடுவில் வந்தார். “துண்டால கண்ணைக் கட்டு தம்பி. பாத்துருவோம்.” மூன்று முறையும் வேறு வேறு பக்கத்திலிருந்து கைபிடித்துக் கூட்டி வந்தேன். தேங்காய் நின்ற இடத்தில் எல்லாம் சித்தப்பா ஒரு குச்சியை நட்டார். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால் நான் வாயை மூடிக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். கண்கட்டை அவிழ்த்தபோது ஒரு குச்சி வேலியோரம், ஒன்று மோட்டார் கொட்டகைப் பக்கம், ஒன்று தோட்டத்தின் நடுவில். பனையோரம் ஒன்றுமில்லை. மூன்று குச்சிகள் எதையும் நிரூபித்துவிடாது என்று அவரிடமே சொன்னேன்.

அவர் தேங்காயைக் கையில் உருட்டியபடி நின்றார். “நாப்பது வருசமா பாக்குறேன். நான் தூக்கலயே தம்பி.”

“நீங்க வேணும்னு தூக்கலங்கய்யா” என்று சொல்லி, செவ்ரலின் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து, சித்தப்பாவைப் பார்த்து நூல் இருக்கிறதா என்று கேட்டார்.