எரிந்த பிறகு கன்று கேட்காதீர்கள்

ஒவ்வொரு மே மாதமும் ஒரே கோரிக்கைதான் வருகிறது. மலையில் தீப்பிடித்தது, நாளிதழில் படம் வந்தது, ஓர் அமைப்பினர் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று நட ஐந்தாயிரம் கன்றுகள் வேண்டும். மூன்றடிக்குக் குறையக் கூடாது. பழமரமாக இருந்தால் நல்லது, பறவைகளுக்கு ஆகும். பள்ளிப் பிள்ளைகள் உருட்டிய விதைப்பந்துகளையும் மூட்டையாகக் கொண்டுவருகிறோம், எந்தச் சரிவில் வீசலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு இப்படி வந்த கடைசிக் கோரிக்கைக்கு முடியாது என்றதும், "மரம் நடுவதற்குக்கூடவா தடை?" என்று கோபித்துக்கொண்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காட்டு மர நாற்றங்கால்களில் பணிபுரிபவன் நான். அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் விதைப்பந்து. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்மண்ணும் சாணமும் பிசைந்து நடுவே விதையை வைத்து உருட்டி, வெயிலில் காயவைத்து, எரிந்த மலையில் எறிந்தால் மழையில் கரைந்து முளைத்துக் காடாகிவிடும் என்பது நம்பிக்கை. பெரும்பாலான பந்துகளுக்குள் இருப்பவை வேம்பு, புங்கன், நாவல். வேப்ப விதையின் முளைப்புத் திறன் சில வாரங்களில் சரியத் தொடங்கிவிடும். நாவல் அதைவிட மோசம். பழத்திலிருந்து எடுத்த விதையை ஈரம் போகாமல் உடனே ஊன்ற வேண்டும், இரண்டு வாரம் காய்ந்தால் பெரும்பாலும் செத்துவிடும். அந்த விதையைப் பந்துக்குள் வைத்து வெயிலில் காயப்போட்டு, மூட்டை கட்டி, அடுத்த ஆண்டு விழாவுக்கு எடுத்து வைக்கிறார்கள். பிள்ளைகள் ஆசையாக உருட்டிய அந்தப் பந்துகளை உடைத்து, விதையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உயிருள்ள நாவல் விதையின் உட்பகுதி பசுமையாக, ஈரமாக இருக்கும். உங்கள் பந்திலிருந்து வருவது பழுப்பேறிச் சுருங்கியிருக்கும். அது முளைக்காது.

சரி, உயிருள்ள விதைதான் என்றே வைத்துக்கொள்வோம். எரிந்த நிலத்தில் நிழல் இல்லை, சருகுப் போர்வை இல்லை. கோடை மழை ஒன்று பெய்து பந்து கரைந்து விதை முளைவிட்டதும், அடுத்த பத்து நாள் வெயிலில் அந்த முளை கருகிப்போகும். தப்பியதை எறும்பும் எலியும் ஆடும் பார்த்துக்கொள்ளும். சாம்பல் உரமாகும் என்று நம்பியிருக்க வேண்டாம். சரிவான இடங்களில் முதல் பெருமழையே சாம்பலையும் மேல்மண்ணையும் சேர்த்து ஓடைக்குக் கொண்டுபோய்விடும்.

முளைத்தே தீரும் விதைகளும் உண்டு, அவற்றைக் கண்டால் எனக்கு இன்னும் அச்சம். சவுண்டல் விதை சுலபமாகக் கிடைக்கிறது என்று பந்தில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எரிந்து திறந்து கிடக்கும் மலையில் அது ஒருமுறை காலூன்றிவிட்டால் பிறகு எத்தனை ஆள் வைத்தாலும் ஒழிக்க முடியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். முறையான நேரடி விதைப்புக்குக் காட்டுப் பணியில் இடம் இருக்கிறது. விதை, நேரம், குழி, காவல் எல்லாம் தீர்மானித்துச் செய்யும் வேலை அது. வேனிலிருந்து இறங்கி வீசிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்து, எரிந்த இடத்தில் எல்லாம் கன்று நட வேண்டியதில்லை. நம் மலையடிவார இலையுதிர் காடுகளில் பெரும்பாலும் தரைத்தீதான் ஓடுகிறது. சருகும் புல்லும் எரியும், மரம் கருத்து நிற்கும், மழை வந்ததும் அடியிலிருந்து துளிர்க்கும். வெக்காலி, வேங்கை, கருமருது, தேக்கு எல்லாம் வேரிலிருந்தும் கட்டையிலிருந்தும் தழைக்கக்கூடியவை. அங்கே தேவை காவல்தான்: ஆடு மாடு நுழையாமல், அடுத்த பிப்ரவரியில் மறுபடி எரியாமல் பார்த்துக்கொண்டு, தீயை அடுத்துப் புகுந்துகொள்ளும் உண்ணிச்செடியைக் களைந்துகொண்டே இருக்க வேண்டும். துளிர்த்து வரும் இளங்கட்டைகளை மிதித்துக்கொண்டு போய் அங்கே அரச மரக் கன்று நடுபவர்களை என்ன சொல்வது? உயர்மலைப் புல்வெளிகளில் மரமே நடக் கூடாது. அது வெற்றிடம் அல்ல, சோலைக்கு, அதாவது மலை உச்சிப் பள்ளங்களில் நிற்கும் பசுமைமாறாக் காட்டுக்கு, நீர் தருகிற நிலம்.

கன்று கட்டாயம் வேண்டிய இடங்களும் இருக்கின்றன. ஆண்டு தவறாமல் எரிந்து எரிந்து வேரும் விதையும் தீர்ந்துபோன சரிவுகள், எரிந்து ஓரம் தேய்ந்த சோலைகள், வாட்டில், பைன், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஆகிய வெளிநாட்டு மரங்கள் நின்று எரிந்த தோட்டக் காடுகள். நீலகிரியில் சீகை என்று சொல்லும் வாட்டிலின் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். தீயின் சூடு பட்டால்தான் அதற்கு உற்சாகம், காடு எரிந்த அடுத்த மழையில் தரை தெரியாமல் முளைத்து நிற்கும். அந்த இடத்தில் சோலை மரம் திரும்பி வர வேண்டுமானால், சீகைக் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே, நம் கையால் கன்று வைத்துக் காப்பாற்ற வேண்டும். கன்று எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இல்லை. கேட்ட மாதத்தில் இருக்காது. காட்டு மரக் கன்று எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர்கள் மே மாதத்தில் கேட்க மாட்டார்கள்.

சோலை மரங்களில் பலவற்றின் விதை, சேமித்து வைக்க முடியாதது. பழுக்கும் வாரத்தில் ஆள் அங்கே இருக்க வேண்டும். எல்லா மரமும் ஆண்டுதோறும் காய்ப்பதும் இல்லை. உத்திராட்ச வகை விதைகள் மாதக்கணக்கில் பாத்தியில் கிடந்து, நாம் நம்பிக்கை இழந்த பிறகு முளைக்கும். வெக்காலியில் கைநிறைய விதை கிடைக்கும், பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இராது. நாற்றங்கால்காரர்களைக் கண்ணீர் விடவைக்கும் மரம் அது. தேக்கு விதையை நனைத்துக் காயவைத்து, மறுபடி நனைத்துக் காயவைத்துத்தான் எழுப்ப வேண்டும். சந்தனம் இன்னொரு செடியின் வேரைப் பற்றிக்கொண்டுதான் வாழும் என்பதால் பைக்குள்ளேயே ஒரு துவரஞ்செடியைத் துணைக்கு வளர்க்கிறோம். துவரை மேலோங்கி நிழல் கட்டினால் கிள்ளிவிட வேண்டும், கூடுதலாகக் கிள்ளிவிட்டால் துவரை போய்விடும், பின்னாலேயே சந்தனமும் போய்விடும். இதைக் கண்பார்த்துச் செய்பவர் தினக்கூலிக்கு வரும் பெண்மணி. அவருக்குத் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் இல்லை.

தாய்ப்பாத்தி, பை மாற்றுதல், நிழல்வலைக்குக் கீழே சில மாதம், பிறகு வலையை நீக்கி, தண்ணீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்குதல் என்று சோலைக் கன்று ஒன்று மலைக்குப் போகத் தயாராக ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை ஆகிறது. ஆனால் பணம் ஏப்ரலில் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. இத்தனை கன்று, இத்தனை ரூபாய், இந்த நிதியாண்டு என்று இலக்கு வந்தால், பொறுப்பில் இருப்பவர் எதை வளர்ப்பார்? ஆறு மாதத்தில் ஆளுயரம் வருவதை வளர்ப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கு முறையே அப்படி இருக்கிறது. புதிய ஆண்டின் பணம் வந்துசேரும்வரை தண்ணீர் ஊற்றும் கூலி நின்றுபோகும் நாற்றங்கால்களைப் பார்த்திருக்கிறேன். நிற்பது எந்த மாதத்தில்? ஏப்ரல், மே. இரண்டு கோடை தாண்டிய கன்றுகள் மூன்றாவது கோடையில் சாவதைப் பார்ப்பது கொடுமை.

2024 மார்ச்சில் குன்னூர் மலையில் பற்றிய தீயை அணைக்க விமானப்படையின் ஹெலிகாப்டரே வந்து தண்ணீர் ஊற்றியது. வர வேண்டியதுதான், ஊரே புகையில் நின்றது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் 20-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த பிறகு தீத்தடுப்புக்குக் கிடைக்கும் எந்தக் காசையும் யாரும் மறுக்கக் கூடாது. தீயை அணைக்கக் காட்டும் அந்த வேகத்தில் சிறு பங்காவது எரிந்ததைத் திருப்பிக் கொண்டுவருவதற்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. நாற்றங்கால்கள் பெருகியிருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் சாலையோரத்துக்கும் வயல் வரப்புக்குமான கன்றும் 1,800 மீட்டர் உயரத்துச் சோலைக்கான கன்றும் ஒன்றல்ல. சமவெளி நாவலை மலையில் கொண்டுபோய் வைத்தால் மலை நாவல் ஆகிவிடாது. உயரத்துக்கு ஏற்ப, மழைக்கு ஏற்ப, அந்தந்த மலையின் விதையிலிருந்து, ஐந்தாண்டு நிதி உறுதியோடு இயங்கும் சிறிய அரசு நாற்றங்கால்கள் ஒவ்வொரு மலைத்தொடருக்கும் தேவை. இதைத் தனியார் செய்ய மாட்டார்கள். மூன்று ஆண்டு வளர்த்து, தீப்பிடித்தால்தான் விற்கும் கன்றில் யார் முதல் போடுவார்கள்?

பணக்கார நாடுகளும் இதில் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. அமெரிக்காவில் தேசியக் காடுகளை மீண்டும் வளர்ப்பதற்கென்று 1980-இல் ஒரு நிதியம் ஏற்படுத்தி, ஆண்டுக்கு 3 கோடி டாலருக்கு மேல் அதில் சேரக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். மரவெட்டு குறைந்ததும் அரசு நாற்றங்கால்கள் பலவற்றை மூடினார்கள். பிறகு தீ பெருத்தது, நடக் கன்று இல்லை. அந்த வரம்பை 2021-இல்தான் சட்டம் போட்டு நீக்கினார்கள். வரம்பை நீக்கியதால் அடுத்த நாளே கன்று வந்துவிடவில்லை. விதை சேகரிக்கத் தெரிந்தவர்களும், விதைக் கிடங்கும், நாற்றங்கால் ஆட்களும் கலைந்துபோயிருந்தார்கள். நம்மிடம் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். எந்த மரம் எந்தப் பள்ளத்தில் எப்போது பழுக்கும் என்று சொல்லும் பளியரும் இருளரும் குறும்பரும் இருக்கிறார்கள். விதை சேகரிப்புக்கு அவர்களுக்கு முறையான கூலி கொடுங்கள். அந்த அறிவு உள்ள கடைசித் தலைமுறையை நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்த்து இழந்துவிடாதீர்கள்.

உதவ நினைக்கிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

உயரத்தைப் பார்த்துக் கன்று வாங்காதீர்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தின் கழுத்துப் பருமனைப் பாருங்கள், வேரைப் பாருங்கள். விழாவுக்காக மூன்றடி, நான்கடி என்று பையிலேயே நிறுத்தி வளர்த்த கன்றின் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். நட்டுச் சில ஆண்டுகளில் பெருங்காற்றில் சாய்ந்த மரங்களைத் தோண்டிப் பார்த்திருக்கிறேன். தண்டு தொடை அளவு பெருத்திருந்தும் வேர் மட்டும் பழைய பையின் அகலத்திலேயே சுற்றிச் சுற்றி நின்றிருந்தது. பாலித்தீன் பையைக் கிழிக்காமல் நட்ட குழிகளும் கண்ணில் படுகின்றன. இதையுமா சொல்லித்தர வேண்டும்?

ஜூன் 5-ஐ விடுங்கள். கூடலூருக்கு ஜூனில் மழை உண்டு. கீழ்ப்பழனி மலையின் கிழக்குச் சரிவிலும் கோத்தகிரிப் பக்கமும் முக்கியமாக வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் நட வேண்டும். அக்டோபரில் நட வேண்டிய கன்றை ஜூனில் நட்டால் ஆகஸ்டில் குச்சிதான் மிஞ்சும்.

விதை எங்கே எடுத்தது என்று கேளுங்கள். பதில் தெரியாத நாற்றங்காலில் வாங்காதீர்கள். ஒரே மரத்தடியில் மூட்டை கட்டிய விதை வேண்டாம்; பல தாய்மரங்களிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

எரிந்த இடத்துக்கு ஒரு பருவமழை அவகாசம் கொடுங்கள். எது தானாகத் துளிர்க்கிறது என்று பார்த்த பிறகே வனத்துறையோடு பேசி இடைவெளியில் நடுங்கள். நட்ட பிறகு மூன்று கோடைக்காவது தீக்கோடு வெட்டக் காசு ஒதுக்குங்கள். சுற்றிலும் புல்லைச் செதுக்காத நடவு அடுத்த பிப்ரவரியில் எரிகிறது. அப்புறம் மறுபடி எனக்குத் தொலைபேசி வருகிறது.

தீ வைக்காதீர்கள். மலையடிவார ஊர்களில் இருப்பவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். புது மேய்ச்சலுக்கு, பாதை துலக்க, தோட்டக் குப்பையைத் தீர்க்க என்று வைக்கும் சிறு நெருப்புதான் காற்றோடு மேலேறுகிறது. நம் மலைகளில் தீ பெரும்பாலும் மனிதக் கையிலிருந்துதான் கிளம்புகிறது. காப்புக்காட்டில் நெருப்பிடுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையில் வைத்திருப்பவர்களே, கன்றின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். பக்கத்து மலையின் நாற்றங்காலில் கோடையில் தண்ணீர் ஊற்ற எத்தனை பேருக்குக் கூலி நின்றுபோகிறது என்று கேட்டு, அந்தக் கூலியை மூன்று ஆண்டுக்கு எழுத்தில் உறுதி கொடுங்கள். மலையடிவார ஊராட்சித் தலைவர்களே, நூறு நாள் வேலைத் திட்டத்தில் நாற்றங்கால் பணிக்கு இடம் இருந்தது; இப்போதைய ஊரக வேலைத் திட்டத்திலும் அதைக் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடும்போது கன்று எண்ணிக்கையோடு நிறுத்தாமல், மர வகை, விதை எடுக்கும் மாதம், ஏப்ரல் மே மாதங்களுக்கான ஆள் கூலி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். மாதிரித் தீர்மானம் வேண்டுமென்றால் கேளுங்கள், எழுதித் தருகிறேன்.