நின்று வாசித்தால் ஏன் ஆடுகிறது?

பட்டர்வொர்த்தில் கல்யாண மண்டபக் கச்சேரிகளுக்கு வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, ரெண்டு கீபோர்டு வைக்கிற மாதிரி எக்ஸ் ஸ்டேண்ட் வாங்கலாமா? மைவி காரில் அடங்கணும். பழைய எக்ஸ் ஸ்டேண்ட் உட்கார்ந்து வாசித்தால் நல்லாத்தான் இருக்கு, நின்று வாசித்தால் ஆடுதே, ஏன்?"

கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. படிவம் ஒன்றில் படித்த பித்தாகரஸ் போதும்.

எக்ஸ் ஸ்டேண்டில் இரண்டு கால்கள் நடுவில் ஓர் ஆணியில் குறுக்காகச் சேர்ந்திருக்கும். சாய்ந்த கால்தான் செங்கோண முக்கோணத்தின் கர்ணம்; உயரமும் பாதங்களின் இடைவெளியும் மற்ற இரு பக்கங்கள். காலின் நீளம் மாறாது. உயரத்தை ஏற்றினால் பாதங்கள் உள்ளே வந்தே ஆகவேண்டும். கால் 110 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 70 செ.மீ. உயரத்தில் பாதங்களுக்கு இடையே 85 செ.மீ. இருக்கும். நின்று வாசிக்க 95க்கு ஏற்றுங்கள்: 55தான் மிஞ்சும். ஏறியது 25, போனது 30!

மண்டபத் தரை சமமாகவா இருக்கிறது? ஒரு பாதத்தின் கீழ் 2 மி.மீ. மேடு இருந்தால், தாழ்ந்த நிலையில் கீபோர்டு ஒன்றரை மி.மீ. அசையும், ஏற்றிய நிலையில் மூன்றரை. இரண்டாவது தட்டு இன்னும் மேலே இருப்பதால் அங்கே ஆட்டம் இன்னும் கூடும். தம்பி பார்த்த ஆட்டம் இதுதான்.

அப்புறம் கவிழும் சங்கதி. 88 கட்டை கீபோர்டு 130 செ.மீ. நீளம் என்றால், ஏற்றிய நிலையில் ஒவ்வொரு ஓரமும் பாதத்தைத் தாண்டி 37 செ.மீ. அந்தரத்தில் நிற்கும். பாதத்தை அச்சாக வைத்த சீசா அது. எல்லாம் சேர்ந்து 23 கிலோ என்றால், தாழ்ந்த நிலையில் ஓரத்தில் 43 கிலோ அழுத்தினால்தான் சாயும். ஏற்றிவிட்டால் 17 கிலோவே போதும். விரல் ஒரு கட்டையை அழுத்த சுமார் 50 கிராம் விசை போதும், அதற்குப் பயமில்லை. மைக் கேட்டு வந்து ஓரத்தில் கையை ஊன்றி நிற்பாரே மாப்பிள்ளையின் மாமா, அவருக்குத்தான் பயப்பட வேண்டும்.

ஸ்டேண்ட் சாய்ந்தால் "கண் பட்டுப்போச்சு" என்று எலுமிச்சம்பழம் கட்டுபவர்களும் உண்டு. கட்டுவதென்றால் கீழ்க் கம்பியில் கட்டுங்கள். ஈர்ப்பு மையம் மயிரிழையாவது இறங்கும்.

சரி, எதை வாங்குவது? இரட்டைக் கம்பி எக்ஸ் விறைப்பைக் கூட்டும், ஆனால் பித்தாகரஸை ஏமாற்ற முடியாது. உட்கார்ந்தே வாசிப்பவருக்கு அது தாராளம். நின்று வாசிப்பவருக்கு நான் சொல்வது, பக்கத்திலிருந்து பார்த்தால் Z எழுத்து போலக் கால் இருக்கும் இசட் ஸ்டேண்ட்: உயரத்தைக் கூட்டினாலும் கால் அகலம் குறையாது. கனமான கீபோர்டைக் கீழேயும் லேசானதை மேலேயும் வையுங்கள். ஒவ்வொரு தட்டும் எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். கடையிலேயே உங்கள் உயரத்துக்கு ஏற்றி, மேல்தட்டின் ஒரு மூலையை அமுக்கிப் பாருங்கள்.

இசட் எக்ஸைப்போல ஒல்லியாக மடங்காதுதான். ஆனால் 130 செ.மீ. கீபோர்டுக்காக மைவியின் பின்சீட்டை எப்படியும் மடக்கத்தான் போகிறீர்கள். கழற்றிய இசட் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும்.