அதே சதைக்கு இன்னொரு டெஸ்ட் எதற்கு?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் பயாப்ஸியில் அடினோகார்சினோமா என்று வந்துவிட்டது. இப்போது அதே சதையில் ஐ.எச்.சி. என்று இன்னொரு டெஸ்ட் பார்க்கணும் என்கிறார்கள். புற்றுதான் என்று தெரிந்த பிறகு எதற்கு? காசு பிடுங்கவா?"

இல்லை. அடினோகார்சினோமா என்றால் சுரப்பித் திசுவில் வந்த புற்று, அவ்வளவுதான். எந்த உறுப்பின் சுரப்பி என்று அந்தப் பெயர் சொல்லாது. கர்ப்பப்பை வாயில் தொடங்கி மேலே ஏறியதா, கர்ப்பப்பையின் உள்சவ்வில் தொடங்கிக் கீழே இறங்கியதா? மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். வைத்தியமோ வேறு. உள்சவ்வுப் புற்றுக்குப் பெரும்பாலும் முதலில் ஆபரேஷன். கர்ப்பப்பை வாயில் முற்றியதற்கு ரேடியேஷனும் கீமோவும்.

உருவம் குலைந்தாலும், பிறந்த இடத்துப் புரதங்கள் பலவற்றைப் புற்றுச்செல் விடுவதில்லை. அவற்றில் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, இருக்கிறது. பயாப்ஸிச் சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கை 3, 4 மைக்ரான் கனத்தில் சீவி, சூடாக்கி, எதிர்ப்பொருளை விடுவார்கள். ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் விழும். இதுதான் ஐ.எச்.சி., அதாவது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் தயாரிக்கும் வழியை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டார்கள். 1984இல் நோபல் பரிசு.

இப்படித் தேடும் புரதங்களில் எனக்குப் பிடித்தது பி16. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸ்தான் காரணம். அதன் ஈ7 புரதம், செல் கண்டபடி பெருகாமல் காவல் காக்கும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. பி16 உற்பத்தியை அடக்கி வைத்திருந்ததும் அதே ஆர்பிதான். இனி அடக்க ஆளில்லை, பி16 குவிகிறது. பி16 என்பதே பெருக்கத்தை நிறுத்தும் பிரேக். ஆனால் அது வேலை செய்வது ஆர்பி வழியாக! வயர் அறுந்த சைக்கிளில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருப்பது மாதிரி. ஸ்லைடில் செல்லுக்குச் செல் விடாமல் அடர்பழுப்பு. வைரஸை யாரும் தேடவே இல்லை, அது செய்த சேதமே காட்டிக்கொடுத்துவிட்டது.

சாதாரண உள்சவ்வுப் புற்றில் பி16 திட்டுத்திட்டாகத்தான் விழும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, விமென்டின் என்ற வேறு இரண்டு புரதங்கள் பழுப்பாகும். ஆனால் உள்சவ்வில் வரும் சீரஸ் வகையும் பி16ஐக் கொட்டும். அதனால்தான் ஒன்றை நம்பாமல் நாலைந்து சேர்த்துப் போடுகிறார்கள். சினைப்பைக் கட்டி குடலிலிருந்து வந்ததோ என்ற சந்தேகம் வந்தால் சினைப்பைப் பக்கம் காட்டும் பாக்ஸ்8, குடல் பக்கம் காட்டும் சிடிஎக்ஸ்2 என்று வேறு ஜோடி.

"கத்தி வெச்சா புற்று பரவிடும்" என்று உசிலம்பட்டிப் பக்கமும் மேலூர்ப் பக்கமும் இன்னும் சொல்கிறார்கள். வேர் மருந்தில் மாதங்களைத் தொலைத்துவிட்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வருபவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அதே கோபம் அரசு மீதும் உண்டு. இந்த எதிர்ப்பொருள்களை நம் பல்கலைக்கழகங்களே தயாரிக்கப் பணம் ஒதுக்கினால் என்ன?

வாசகருக்கு ஒன்று: பிளாக்கில் சதை போதுமான அளவு இருந்தால் அம்மாவுக்கு மறுபடி ஊசி, கத்தி எதுவும் வேண்டாம். டெஸ்ட்டை வேறு இடத்தில் செய்வதானால், ஸ்லைடோடு மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிப் போங்கள்.