எக்கோலாலியா: எதிரொலிப் பேச்சு

மொரிசியஸில் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அறிக்கையில் பெற்றோர் கண்ணில் அடிக்கடி படும் சொல் எக்கோலாலியா. பிறர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வது என்பது பொருள்.

வேர் கிரேக்கம். 'எக்கோ' எதிரொலி, 'லாலியா' பேச்சு. அந்நாட்டுப் புராணத்தில் எக்கோ ஒரு வனதேவதை. பிறர் பேச்சின் கடைசிச் சொற்களை மட்டுமே திருப்பிச் சொல்லும்படி சபிக்கப்பட்டவள். மருத்துவத்தில் இச்சொல் ஆட்டிசத்துக்கு மூத்தது. பிரெஞ்சு மருத்துவர் ஜில் தெ லா தூரெத் 1885இல் தம் பெயரால் இன்று அறியப்படும் நோயை (தன்னையறியாமல் உடல் வெட்டி இழுப்பதும் குரல் எழுவதும்) விவரித்தபோதே இதைக் கையாண்டார். மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைக் கொண்டு ஆட்டிசத்தை விவரித்தது 1943இல்தான். கேட்டதை நாள் கழித்துத் திருப்பிச் சொல்வதையும் அவர் அதில் குறித்திருக்கிறார்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'கிளிப்பேச்சு' சட்டென வாயில் வரும், ஆனால் பொருள் தெரியாமல் சொல்வது என்ற ஏளனம் அதில் இருக்கிறது. 'கூறியது கூறல்' நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ஒன்று. தான் சொன்னதையே மறுபடி சொல்வது அது. இங்கே பிள்ளை திருப்புவது அடுத்தவர் சொன்னதை. 'எதிரொலிப் பேச்சு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 'பேச்சு' என்ற பாதியை விட்டுவிடக் கூடாது. பேச்சு ஆய்வாளர்கள் பாரி பிரிசாந்தும் ஜூடித் டுக்கனும் 1981இல் காட்டியது அதைத்தான்: இந்தத் திருப்பலில் வேண்டியதைக் கேட்பதும், ஆமாம் என்பதும், தன் முறைக்குப் பேசுவதும் உண்டு.

இரண்டு மொழி புழங்கும் வீட்டில் இது இன்னும் சுவாரசியமானது. பாட்டி "தண்ணி வேணுமா?" என்கிறார். தாகத்தோடு இருக்கும் பிள்ளையும் "தண்ணி வேணுமா?" என்கிறது. தமிழில் 'நீ' வெளியே வராததால் ஏதோ கேள்வி கேட்பதாகவே தோன்றும். அதையே அம்மா, மொரிசியஸின் பொதுப் பேச்சுமொழியான கிரியோலில் "தோ லே திலோ?" என்று கேட்டு, பிள்ளை திருப்பினால், 'மோ' (நான்) வர வேண்டிய இடத்தில் 'தோ' (நீ) நிற்கும், அறிக்கையில் 'நான், நீ மாறுகிறது' என்று ஏறிவிடும். இரண்டிலும் பிள்ளை சொல்ல வந்தது தண்ணீர் வேண்டும் என்பதுதான். விழுந்தபோது "பா ப்லோரே", அழாதே, என்று கேட்ட பிள்ளை, பிறகு வலிக்கும்போதெல்லாம் அதையே சொல்லலாம். அது ஆறுதல் இல்லை, 'வலிக்குது' என்ற செய்தி. கேட்ட மொழியிலேயே, கேட்ட ராகத்திலேயே வாக்கியம் திரும்பும். கிரியோலுக்கு நடுவே ஒரு தமிழ் வாக்கியம் வந்து விழுந்தால் உடனே அதை மொழிக் குழப்பம் என்று எழுதிவிடுவது அவசரம்.

வீட்டில் ஒரே மொழி போதும் என்று பாட்டியின் தமிழை நிறுத்தச் சொல்லும் அறிவுரைக்கும் ஆதாரம் போதாது. ஹாம்ப்ளியும் ஃபொம்போனும் 2012இல் 75 பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், இருமொழிச் சூழலால் ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கூடுதல் தாமதம் காணப்படவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது, கேள்வியைக் குறைத்து, பிள்ளை சொல்ல வேண்டிய வடிவிலேயே பேசுவது. குவளையை எடுக்கும்போது பாட்டி "தண்ணி வேணும்" என்றும், அம்மா "மோ லே திலோ" என்றும் சொன்னால், திருப்பிச் சொன்னாலும் வாக்கியம் பிள்ளையின் வாய்க்குச் சரியாக இருக்கும்.