புங்கம் வேறு, பீச்சு வேறு

ஐரோப்பாவின் கார்ப்பாத்திய மலையில் பனி மூடிய புங்கங்காடு என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இது முதல் தடவை இல்லை. வளைத்த நாற்காலி, மரப் பொம்மை, இழைப்புளிக் கட்டை என்று பீச் (beech) என்ற ஐரோப்பிய மரம் வருகிற இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு புங்கம் போடுகிறார்கள்.

பீச் பழைய சொல். பழைய ஆங்கிலத்தில் பேச்செ, ஜெர்மனில் பூஹெ, லத்தீனில் ஃபாகுஸ். எல்லாம் ஒரே வேர். கிரேக்கத்தில் மட்டும் அது ஓக் மரத்துக்குப் போய்விட்டது. ஜெர்மனில் புத்தகத்தைக் குறிக்கும் பூஹ் இதிலிருந்து வந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு.

புங்கம் எப்படி உள்ளே வந்தது? ஆங்கிலத்தில் புங்க மரத்துக்கு 'இந்தியன் பீச்' என்று ஒரு பெயர் உண்டு. அதைத் திருப்பிப் போட்டு, இந்தியனை உதறினால் பீச் புங்கமாகிவிடும். அவ்வளவுதான் சமாசாரம். கடற்சிங்கம் என்று பெயர் இருப்பதால் காட்டுச் சிங்கத்துக்குத் துடுப்பு முளைத்துவிடுமா?

புங்கம் அவரைக் குடும்பத்து மரம், கூட்டிலை. பீச்சு ஓக்கின் உறவு, தனியிலை. ஐரோப்பாவில் பீச்சுக்கொட்டை உதிரும் காலத்தில் பன்றிகளைக் காட்டில் மேயவிட்டுக் கொழுக்க வைத்தார்கள். அங்கே புங்கங்கொட்டை என்று எழுதினால் பன்றிகளின் கதி என்ன? அது கசப்பு, நஞ்சும்கூட. மரவேலையிலும் இப்படித்தான். பீச்சு கெட்டியானது, இழையோட்டம் சீரானது, நீராவி காட்டினால் வளைந்து கொடுக்கும். 1859-இல் மிக்கேல் தோனெட் என்ற தச்சர் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி அப்படி வளைத்துச் செய்ததுதான். புங்கம் பூச்சிக்குச் சீக்கிரம் இரையாகிற மரம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? வெறும் 'பீச்' என்றால் கடற்கரையும் வரும், பழமும் வரும். நம் பகரம் ஒன்றே மூன்றுக்கும் வேலை செய்கிறது. 'கடற்கரை மரம்' என்று எழுதிய புண்ணியவான்களும் உண்டு. கடற்கரைக்குத் தமிழ்ச் சொல் எப்போதும் இருக்கிறது, பழத்துக்குக் குழிப்பேரி இருக்கிறது. அந்த இரண்டையும் ஒழுங்காகப் புழங்கினாலே மரத்துக்குப் பீச்சு மிஞ்சும். தூய தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்பவர்கள் கோபிப்பார்கள். சங்கப் பாட்டிலேயே புன்கு என்று பெயர் பெற்று நிற்கும் மரத்திடமிருந்து அதைப் பிடுங்கி அயல் மரத்துக்குச் சூட்டுவதில் என்ன தூய்மை இருக்கிறது? பீச்சு என்று உகரம் சேர்த்து எழுதுங்கள். பீச்சுப் பலகை, பீச்சுக்கொட்டை, பீச்சுக்காடு... புணர்ச்சிகூட முரண்டு பிடிக்கவில்லை.