ஒரு கிலோ அலுமினியத்துக்கு எத்தனை யூனிட்?

ரஷ்யாவின் அலுமினிய அதிபர் ஒலெக் டெரிபாஸ்கா இயற்பியல் படித்தவராமே, அந்தப் படிப்பு தொழிலில் உதவியதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருக்கு உதவியதோ இல்லையோ, அவர் சொத்து சேர்ந்த விதத்தைப் புரிந்துகொள்ள நமக்குப் பிளஸ் டூ வேதியியல் நன்றாகவே உதவும்.

1968இல் பிறந்தவர். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் 1993இல் படிப்பை முடித்தபோது சோவியத் ஒன்றியமும் இல்லை, ஆய்வுக்குப் பணமும் இல்லை. (உதவித்தொகையை நிறுத்தினால் இயற்பியலாளர்கள் வியாபாரத்துக்குத்தான் போவார்கள். இது ரஷ்யாவுக்கு மட்டும் சொன்னதல்ல.) உலோக வியாபாரத்தில் இறங்கினார், சைபீரியாவின் சயனோகோர்ஸ்க் அலுமினிய ஆலையின் பங்குகளை வாங்கிச் சேர்த்தார், 1994இல் 26 வயதில் அதன் தலைமை இயக்குநர் ஆனார்.

சரி, மூலப்பொருளான அலுமினா வெகுதூரத்திலிருந்து ரயிலில் வரவேண்டிய அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் எதற்கு ஆலை?

அலுமினா என்பது ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்ட அலுமினியம். அதை உருக்க 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலேயே, ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள்: கிரையோலைட் என்ற தாதுவை உருக்கி அதில் அலுமினாவைக் கரைத்துவிட்டால் 960 டிகிரியே போதும். தேநீரில் சர்க்கரை கரைவதுபோலத்தான். மேலிருந்து கார்பன் மின்வாய்கள் இறங்குகின்றன. ஆக்சிஜன் அந்தக் கார்பனைத் தின்று கரியமில வாயுவாகப் போய்விடும். உருகிய அலுமினியம், கிரையோலைட்டைவிடச் சற்றே கனமென்பதால், தொட்டியின் அடியில் தேங்கும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஓர் அலுமினிய அயனி உலோகமாக மாற மூன்று எலெக்ட்ரான்கள் வேண்டும். பேரம் பேச முடியாது. ஃபாரடே விதிப்படி கணக்குப் போட்டால் கிலோவுக்கு ஏறத்தாழ 2,980 ஆம்பியர்-மணி. தொட்டியின் மின்னழுத்தமோ நாலு வோல்ட்டுக்குச் சற்று மேல்தான், டார்ச் லைட் அளவு. ஆனால் மின்னோட்டம் லட்சக்கணக்கான ஆம்பியர்! தொட்டிகளுக்கு அருகே போனால் காந்தப்புலம் கையிலுள்ள இரும்புச் சாவியை இழுக்கும். இழப்புகளையும் சேர்த்தால் கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட். ஒரு டன்னுக்கு ஆகும் மின்சாரத்தில், மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீடு ஐந்தாறு வருடம் ஓடும்.

ஆக, அலுமினிய ஆலை மலிவான நீர்மின்சாரம் கிடைக்கும் ஆற்றங்கரையில் இருப்பதே லாபம். சயனோகோர்ஸ்க் ஆலைக்கு அருகிலேயே யெனிசெய் ஆற்றில் 6,400 மெகாவாட் அணை. 2000இல் உருவான ருசால் அலுமினிய நிறுவனத்தோடு, கிராஸ்னோயார்ஸ்க், பிராட்ஸ்க் நீர்மின் நிலையங்களும் பின்னர் டெரிபாஸ்காவின் குழுமத்துக்கு வந்துசேர்ந்தன. இரும்பு வியாபாரி சுரங்கம் வாங்குவதுபோல இவர் நதியை வாங்கினார் எனலாம்.

சறுக்கியதும் உண்டு. 2008இல் கடன் வாங்கி நோரில்ஸ்க் நிக்கல் நிறுவனத்தின் 25 சதவீதப் பங்குகளை ருசால் வாங்கியது. சில மாதங்களில் உலகச் சந்தையே சரிந்தது. உற்பத்தியை நிறுத்திச் சமாளிக்கலாமே என்றால், தொட்டி விடாது. சில மணிநேரம் மின்சாரம் போனால் உள்ளே இருப்பதெல்லாம் கல்லாக உறைந்துவிடும், இடித்துத்தான் எடுக்கவேண்டும். அதனால்தான் 2018 ஏப்ரலில் டெரிபாஸ்கா மீதும் ருசால் மீதும் அமெரிக்கத் தடை வந்து வாங்குவோர் விலகியபோதும் சைபீரியத் தொட்டிகள் எரிந்துகொண்டே இருந்தன. விற்காத உலோகம் கிடங்குகளில் குவிந்தது. ருசாலின் தாய் நிறுவனமான என்+ குழுமத்தில் தன் பங்கை 50 சதவீதத்துக்குக் கீழே குறைக்க அவர் சம்மதித்த பிறகு, 2019 ஜனவரியில் நிறுவனங்களின் மீதான தடை விலகியது. அவர் மீதான தடை மட்டும் விலகவில்லை.