மில்ட்: தமிழில் விந்துப்பால்

நீலகிரியில் அவலாஞ்சியில் ட்ரௌட் என்ற குளிர்நீர் மீனுக்கான பொரிப்பகம், அதாவது முட்டை பொரிக்க வைத்துக் குஞ்சு எடுக்கும் இடம், ஒன்று இருக்கிறது. 1907இல் எச். சி. வில்சன் என்ற ஆங்கிலேயர் தொடங்கியது. குளிர்காலத்தில் இங்கே சினை எடுப்பார்கள். பெண் மீனை ஈரத்துணியில் பிடித்து, கட்டைவிரலால் வயிற்றை வாலை நோக்கி வழித்தால், மிளகளவு ஆரஞ்சு முட்டைகள் உலர்ந்த பேசினில் சொரியும். அடுத்து ஆண் மீன். அதை வழித்தால் வெள்ளையாக ஒரு பீச்சு. இரண்டையும் இறகால் மெல்லக் கலக்குவார்கள். அந்த வெள்ளைக்குத்தான் ஆங்கிலத்தில் மில்ட் என்று பெயர்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு மண்ணீரல் என்று பொருள். மீனோடு ஒட்டியது பிறகுதான். டச்சு மொழி வழியாக வந்து, 'மில்க்' என்ற சொல்லின் சாயலும் படிந்ததாகச் சொல்கிறார்கள். ஜெர்மானியர் பாலையும் இதையும் ஒரே சொல்லால் 'மில்ஷ்' என்பார்கள். பிரெஞ்சுக்காரரின் 'லெத்தான்ஸ்' என்ற சொல்லிலும் பால்தான் இருக்கிறது.

நம்மிடம்? பொரிப்பகத்தில் வேலை பார்க்கும் அண்ணனிடம் "இதை என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டேன். "பாலுங்க" என்றார். சரிதான். ஆனால் எழுத்தில் 'மீன்பால்' என்று போட முடியாது, கடலில் 'பால்மீன்' என்று வேறொரு மீன் இருக்கிறது. பாடநூல்கள் 'விந்து' என்று முடித்துவிடுகின்றன. அது வடமொழி 'பிந்து', துளி என்று பொருள். அந்தச் சொல்லின்மேல் எனக்குக் கோபம் இல்லை. மொத்தத் திரவத்தையும் அதில் மிதக்கும் உயிரணுவையும் அதே சொல்லால் குறிப்பதுதான் சிக்கல். திரவத்துக்கு விந்துப்பால், உயிரணுவுக்கு விந்தணு என்று பிரித்துக்கொண்டால் போதும்.

நீர் மாசு மீனின் இனப்பெருக்கத்தை எப்படிக் கெடுக்கிறது என்று பேசும்போது இந்தப் பிரிவு கட்டாயம் வேண்டும். ட்ரௌட்டின் விந்தணு விந்துப்பாலுக்குள் இருக்கும் வரை அசையாது. அதிலுள்ள பொட்டாசியம் கட்டிப்போட்டிருக்கும். தண்ணீர் பட்டு பொட்டாசியம் நீர்த்ததும் வால் துடிக்கத் தொடங்கும். அந்தத் துடிப்பு ஏறத்தாழ அரை நிமிடம், அவ்வளவுதான். அதற்குள் முட்டையிலுள்ள ஒரே நுண்துளையைக் கண்டுபிடித்து நுழைந்தாக வேண்டும். பேசின் உலர்ந்திருக்க வேண்டும் என்பதும், வழிக்கும் முன் மீனின் வயிற்றைத் துடைப்பதும் இதனால்தான். முந்திக்கொண்டு ஒரு சொட்டு நீர் பட்டாலும் அது பட்ட விந்தணு வீண்.

ஓடையில் மீன் தானாகச் சினையிடும்போது இந்த அரை நிமிடமும் ஓடைத் தண்ணீரில்தான் கழியும். அந்தத் தண்ணீரில் கன உலோகம் கலந்திருந்தால்? பாதரசம் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொள்ளும், செல் சவ்வில் நீர் புகும் வாசல்களை அடைக்கும், வாலடிப்பு தளரும். காட்மியம் கால்சியத்தின் இடத்தில் போய் உட்காரும். விந்துப்பால் பார்க்க நன்றாகவே இருக்கும், விந்தணு மட்டும் போய்ச் சேராது. மாதக்கணக்கில் மீன் அந்த நீரிலேயே வாழ்ந்தால் பாதிப்பு உள்ளிருந்து தொடங்கும். விந்தகத் திசு சிதையும், ஹார்மோன் குறையும், விந்தணு எண்ணிக்கையும் குறையும்.

பாதரசம் என்றதும் மலைக்காரர்களுக்குக் கொடைக்கானல் நினைவுக்கு வரும். அங்கே இருந்த பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது; கொடைக்கானல் ஏரி மீன்களிலும் பாதரசம் இருந்ததாக ஆய்வுகள் காட்டின.

'கன உலோகத்தால் மீன் விந்து பாதிப்பு' என்று ஒரு செய்தியைப் படித்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்: விந்துப்பால் சுரப்பதே குறைந்ததா, அல்லது சுரந்த பாலில் இருந்த விந்தணு தண்ணீரில் விழுந்தபின் நீந்தவில்லையா? முதலாவது என்றால் அந்த மீன் எத்தனை மாதம் எங்கே வளர்ந்தது என்று கேட்க வேண்டும். இரண்டாவது என்றால் சினையிட்ட அன்றைக்கு ஓடையில் என்ன வந்தது என்று.